லிகாயா திட்டு வாங்கி மொழி கற்ற படலம்

உலகத்தில் தாய்மொழிக்காகக் கவிதை எழுதியவர்கள் உண்டு, கொடி பிடித்தவர்கள் உண்டு, சிறைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் எதிரே நிற்கும் விருந்தாளியின் நாக்குச் சுளுக்கிக்கொள்ளக் கூடாதே என்ற ஒரே கருணையால், தன் தாய்மொழியை அப்படியே விழுங்கிவிட்டு இங்கிலீஷில் பேசும் பெருந்தன்மை ஸ்லோவேனிய மக்களைத் தவிர வேறு எவருக்கும் வாய்த்ததில்லை. அந்த மக்களிலும் தலைசிறந்தவர்கள் சாவா ஆற்றங்கரையிலுள்ள மாலி புரோத் நகரத்தார். இது முகஸ்துதி அல்ல. நகராட்சியின் ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது.

அந்த நகராட்சியில் 'மொழி வரவேற்பு அலுவலகம்' என்று ஒன்று உண்டு. ஓர் அறை, ஒரு காப்பி இயந்திரம், மூன்று பெயர்ப்பலகைகள், ஹெர்மினா என்ற ஓர் அதிகாரி. ஊருக்கு வரும் அந்நியர்கள் எல்லோரையும் ஸ்லோவேனிய மொழி பேச வைப்பதே இந்த அலுவலகத்தின் 'உயரிய நோக்கம்'. அதற்காக ஹெர்மினா இரவு பகல் பாராமல் உழைத்து இருபத்து நான்கு பக்கத்தில் ஒரு கையேடு தயாரித்திருந்தார். 'வாருங்கள், எங்கள் மொழியில் பேசுவோம்' என்று அதற்குப் பெயர். முதல் பக்கத்தில் மேயர் ஆல்பின் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த பதினெட்டுப் பக்கங்களில் மொழியின் தொன்மை, இனிமை, இளமை, நாற்பதுக்கு மேற்பட்ட வட்டார வழக்குகளின் வளமை எல்லாம் விளக்கப்பட்டிருந்தன. கடைசி ஐந்து பக்கங்களில் இடம் மிச்சமிருந்ததால் சில வாக்கியங்களும் தரப்பட்டிருந்தன. வாக்கியங்கள் தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷில் இருந்தது.

இந்தக் கையேட்டை முதல் ஆளாகக் கேட்டு வந்தவள் லிகாயா துமலாவ்.

லிகாயா பிலிப்பைன்ஸில் தாவாவ் நகரத்து ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். மாலி புரோத்துக்கு வந்து இரண்டு வருஷமாக, வெந்நீர் ஊற்று விடுதியின் சலவைக்கூடத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நாடி பார்த்த விரல்கள் நாளொன்றுக்கு நானூறு துண்டு மடித்தன. துண்டுக்கு நாடி கிடையாது. அதுதான் அவளுக்குப் பெரிய துக்கம். இப்போது ஊர் ஆரோக்கிய நிலையத்தில் நர்ஸ் வேலை ஒன்று காலியாகியிருந்தது. "அக்டோபர் முப்பத்தொன்று வரைக்கும் உங்களுக்காக வச்சிருப்போம். அதுக்குள்ள மொழித் தேர்வுச் சான்றிதழோட வரணும்" என்று சொல்லியிருந்தார்கள். பேச்சுத் தேர்வு பன்னிரண்டு நிமிஷம். எழுத்துத் தேர்வை அவள் முட்டி மோதி முடித்துவிட்டாள். பேச்சு மட்டும் பாக்கி. பேசிப் பழக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஹெர்மினாவின் அறைக்குள் நுழையும்போதே, பஸ்ஸில் முப்பது தடவை மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஸ்லோவேனிய மொழியில் சொன்னாள்.

"வணக்கம்மா. உங்க மொழியைப் பேசக் கத்துக்கணும்னு வந்திருக்கேன்."

ஹெர்மினா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஓ! வெரி குட்! யூ ஸ்பீக் ஸோ வெல்!"

"இல்லம்மா, கொஞ்சம்தான் வரும். உங்களோட பேசிப் பழகினா..."

"ஷ்யூர், ஷ்யூர்! ப்ளீஸ் சிட்!"

உட்கார்ந்தாள். ஸ்லோவேனிய மொழியின் மேன்மையைப் பற்றி நாற்பது நிமிஷம் இங்கிலீஷில் கேட்டாள். ஒருவருக்கு ஒரு சொல்வடிவம், பலருக்கு ஒரு சொல்வடிவம் என்று எல்லா மொழியிலும் இருக்கும். இரண்டே பேர் இருந்தால் அதற்கென்று தனி வடிவம் வைத்திருக்கும் மொழி எங்களுடையது, காதலர்களுக்காகவே செய்தது என்று சொல்லும்போது ஹெர்மினாவின் கண் கலங்கிவிட்டது.

"இங்க நாம ரெண்டு பேருதானேம்மா இருக்கோம்? அதுலயே பேசலாமே?" என்றாள் லிகாயா, ஸ்லோவேனிய மொழியில்.

ஹெர்மினா கடிகாரத்தைப் பார்த்தார். "நெக்ஸ்ட் டைம்!" என்றார்.

கையேட்டோடு லிகாயா ஊருக்குள் இறங்கினாள். ரொட்டிக்கடையில் யெல்காவிடம், "ஒரு கறுப்பு ரொட்டி குடுங்கம்மா" என்றாள். "ஒன் ப்ளாக் ப்ரெட்! எனிதிங் எல்ஸ், டியர்?" என்றாள் யெல்கா. பஸ் ஓட்டுநர், மருந்துக்கடைக்காரர், பாதிரியார் எல்லோரும் அதே கருணைக்கடல்கள். இங்கிலீஷ் வராத செருப்புத் தைக்கும் கிழவர்கூட ஜெர்மனில் பேசிப் பார்த்தார், அதுவும் எடுபடாமல் கையால் பேசினார். தபால்காரர் தன் நாயிடம் மட்டும் அழகான ஸ்லோவேனிய மொழியில் பேசினார். நாய்க்கு வேறு மொழி தெரியாது என்பதால் அவருக்கு வேறு வழியில்லை. லிகாயாவுக்கு அந்த நாயின் மேல் பொறாமையாக இருந்தது.

ஜூலை மாதம் இப்படியே போயிற்று. அவள் அறிந்த ஸ்லோவேனிய வார்த்தைகளில் அவளிடம் யாரும் சொல்லாதவையே அதிகம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே குப்பைத்தொட்டிகள் வரிசையாக இருக்கும். காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு மஞ்சள், சமையல் கழிவுக்குப் பழுப்பு. வேலை முடிந்து களைப்போடு வந்த லிகாயா, பீட்சா வந்த அட்டைப்பெட்டியை யோசிக்காமல் நீலத் தொட்டியில் போட்டாள். மூன்றாவது மாடி பால்கனிக் கதவு படாரென்று திறந்தது.

"ஏய்! ஏம்மா! நில்லு அங்கயே!"

சிரில். ஓய்வு பெற்ற ரயில்வே சிக்னல்காரர். இரண்டு வருஷமாக மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் "ஹலோ, நைஸ் வெதர்!" என்று மட்டும் சொல்லிவந்த மனிதர். வீட்டுச் செருப்போடு மூன்று மாடி இறங்கி ஓடி வந்தார்.

"எண்ணெய் பட்ட அட்டையை யாராவது காகிதத்துல போடுவாங்களா? கண்ணு இருக்கா இல்லையா உனக்கு? அந்த ஒரு அட்டை உள்ள இருக்கிற மொத்தக் காகிதத்தையும் கெடுத்துடும்! நாங்க என்ன வேலையத்துப் போயா வீட்டுல உட்கார்ந்து பிரிச்சுப் பிரிச்சுப் போடறோம்? அடைகோழி உன்னை உதைக்க!"

கடைசியில் சொன்னதுதான் ஸ்லோவேனியர் வாயில் வரக்கூடிய கொடூரமான வசவு. அதற்கும் மேலே ஆத்திரம் வந்தால், 'முந்நூறு சடைக் கரடி!' என்று கரடிகளை எண்ணுவார்கள். சாந்தமான இனம்.

பதினோரு நிமிஷம் திட்டினார். ஒரு வார்த்தை இங்கிலீஷ் கலக்கவில்லை. லிகாயா தொட்டியிலிருந்து திரும்ப எடுத்த அட்டையைக் கையில் பிடித்தபடி, கச்சேரி கேட்கிற மாதிரி நின்றாள். இரண்டு வருஷத்தில் இந்த ஊரில் அவளை யாரும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. மரியாதையாகத் தள்ளியே வைத்திருந்தார்கள். மாடிக்குப் போய் நோட்டை எடுத்து எழுதினாள். பதினான்கு புது வார்த்தைகள், 'கெடுத்துடும்' என்பதற்குச் சரியான உச்சரிப்போடு.

அன்று அவளுக்கு ஞானம் பிறந்தது. இந்த மக்கள் அன்பாக இருக்கும்போது இங்கிலீஷ் பேசுகிறார்கள். ஆத்திரம் வந்தால்தான் மறந்துபோய்த் தாய்மொழிக்குத் திரும்புகிறார்கள். ஆக, மொழி கற்க ஒரே வழி, ஒழுங்கீனம்.

அடுத்த நாள் கழுவாத தயிர்க் கோப்பையை மஞ்சள் தொட்டியில் போட்டாள். மூன்று பேர் வந்தார்கள், அருமையான உரையாடல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுவரில் ஆணி அடித்தாள். முதல் மாடி, இரண்டாம் மாடி, எதிர் வீடு மூன்றும் சேர்ந்து ஓய்வு நாளின் புனிதத்தைப் பற்றி எடுத்துரைத்தன, வட்டார வழக்கு வேறுபாட்டோடு. யெல்காவின் ரொட்டிக்கடையில் வரிசையைத் தாண்டி முன்னால் போய் நின்றபோது அவளுக்கு வினைச்சொற்களின் கட்டளை வடிவம் முழுவதும் கைவந்துவிட்டது. ஆனால் அவள் மனசாட்சியுள்ள பெண். ராத்திரி எல்லோரும் படுத்தபின் கீழே இறங்கி, தப்பாகப் போட்டதை எல்லாம் எடுத்துச் சரியான தொட்டியில் போட்டுவிட்டுத்தான் தூங்குவாள்.

செப்டம்பரில் காளான் காலம். ஊருக்கு மேலே உள்ள காட்டில் காளான் பொறுக்கக் கூடை கொண்டுபோக வேண்டும் என்பது சட்டமே. விடுதிப் பெயர் போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துக்கொண்டு லிகாயா போனாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மரங்களுக்கு நடுவே ஓர் அலறல்.

"அய்யய்யோ! பிளாஸ்டிக் பையிலயா? காளானைப் போயி பிளாஸ்டிக் பையிலயா போடுவாங்க? மூச்சு முட்டிச் செத்துடாதா அது?"

பிரம்புக் கூடையும் வளைந்த கத்தியுமாக ஓர் அம்மாள் புதரைப் பிளந்துகொண்டு வந்தார். வெயில் தொப்பி முகத்தைப் பாதி மறைத்திருந்தது.

"மண்ணை இங்கேயே தட்டிட்டுப் போகணும்னு தெரியாதா உனக்கு? வித்து கீழ விழுந்தாத்தானே அடுத்த வருஷம் முளைக்கும்? கத்தி எங்க?"

"கத்தி இல்லம்மா. காளானை எப்படி எடுக்கணும்? காட்டுங்க."

"இப்படி! அடியில பிடிச்சு லேசாத் திருகணும். பிடுங்காத, திருகு! அடடா, உங்க வீட்டுல சொல்லித் தரலையா?"

"எங்க ஊர்ல இது வேற மாதிரிம்மா. மழை பெய்ஞ்ச மறுநாள் வாழைமரத்தடியில வரும்."

"வாழைமரத்தடியிலயா? அது எப்படி இருக்கும்? சூப்பு வைப்பீங்களா?"

பத்து நிமிஷம். கத்தி, கூடை, வித்து, சூப்பு. லிகாயாவின் வாழ்க்கையிலேயே மிக இனிய பத்து நிமிஷம் அது. அப்போது அந்த அம்மாள் தொப்பியை மேலே தள்ளினார். ஹெர்மினா! லிகாயாவை நேராகப் பார்த்ததும் அவர் முகத்தில் பண்பாடு திரும்பிவிட்டது.

"ஓ! லிகாயா! ஸாரி, ஸாரி!"

"பரவால்லம்மா. தயவுசெஞ்சு இன்னும் கொஞ்ச நேரம் திட்டுங்க."

"நோ, நோ! யூ ஆர் அவர் கெஸ்ட்!"

தன் கூடையையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டபடியே பின்பக்கமாக நடந்து மறைந்தார். கூடையை வைத்துக்கொண்டு லிகாயா அழுதாள். கிடைத்த மொழியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடையைக் கொடுத்தால் அழுகை வராதா?

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் இன்னொரு சங்கடம். நள்ளிரவில் மஞ்சள் தொட்டிக்குள் தலையை விட்டிருந்த லிகாயாவைச் சிரில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"காலையில தப்பாப் போடறது, ராத்திரி எடுத்துச் சரியாப் போடறது. வேணும்னேதான் பண்றியா நீ?"

அவள் உண்மையைச் சொன்னாள். நர்ஸ் வேலை, அக்டோபர் முப்பத்தொன்று, நானூறு துண்டு, எல்லாம். "நீங்க திட்டினாத்தான் ஐயா எனக்குப் பாடம்."

சிரில் தொட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு அவளை வீட்டுக்குக் கூப்பிட்டு வால்நட் ரொட்டி வெட்டிவைத்து, இனிமேல் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் தானே பேசிப் பழக்குவதாகச் சொன்னார். உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். "ஸோ... ஹவ் வாஸ் யுவர் டே?" என்றார். மறுபடி முயன்றார். மறுபடி இங்கிலீஷ்தான் வந்தது. முகம் வியர்த்துவிட்டது.

"வரமாட்டேங்குதே! உன்னைப் பார்த்தா விருந்தாளின்னு தோணிடுது. கோபம் இருந்தாத்தான் நாக்கு திரும்புது."

"அப்ப கோபப்படுங்க ஐயா."

"காரணம் இல்லாம எப்படிம்மா கோபப்படறது? நான் என்ன மேயரா?"

கடைசியில் ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார்கள். தினமும் ஐந்து மணிக்கு லிகாயா தெருவில் நடந்த செருப்பை மாற்றாமலேயே அவர் வீட்டுக்குள் வருவாள். மாலி புரோத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கொலைதான். சிரில் ஒரு மணி நேரம் உண்மையாகவே கொதிப்பார். கொதிப்பு அடங்கியதும் துடைப்பத்தை எடுத்து லிகாயாவே தரையைப் பெருக்கிவிட்டுப் போவாள். இருவருக்கும் உடம்பு தேறியது.

அக்டோபர் இருபதாம் தேதி, நகராட்சி மண்டபத்தில் தேர்வு. தலைநகர் லுப்லியானாவிலிருந்து பொகோமிர் என்ற தேர்வாளர் வந்திருந்தார். மென்மையான மனிதர், கண்ணாடி துடைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். மேசையில் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. தேர்வர் ஸ்லோவேனிய மொழியில் உரையாடியதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. சாட்சி இல்லையென்றால் சான்றிதழ் இல்லை.

முதல் கேள்வியைத் தாளைப் பார்த்து ஸ்லோவேனிய மொழியில் வாசித்தார். பதில் சொல்ல லிகாயா ஒரு கணம் மூச்சு வாங்கினாள். அந்த ஒரு கணம் போதுமே! "நோ ஹர்ரி! ரிலாக்ஸ்!" என்று இங்கிலீஷில் இறங்கியவர் அதிலிருந்து ஏறவே இல்லை. கேள்வியும் அவரே, பதிலும் அவரே. அவள் ஒரு வாக்கியம் சொன்னால், 'கஷ்டப்படாதீர்கள்' என்று பத்து வாக்கியம் சொன்னார். எட்டு நிமிஷம் போய்விட்டது. கருவியில் பதிவானது எல்லாம் பொகோமிரின் இங்கிலீஷ்தான், நல்ல இங்கிலீஷ்.  சுவர்க் கடிகாரத்தின் கீழே நானூறு துண்டுகள் அடுக்கி நிற்பது போல லிகாயாவுக்குத் தெரிந்தது.

இந்த அறையில் குப்பைத்தொட்டி இல்லை. செருப்பைப் பற்றி இவருக்குக் கவலை இல்லை. என்ன செய்வது?

"யுவர் ஃபேவரிட் ப்ளேஸ் இன் ஸ்லோவேனியா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்தார். "திரிக்லாவ், ஆஃப் கோர்ஸ்!"

திரிக்லாவ் அந்த நாட்டின் உச்சிமலை. கொடியில் இருப்பது அதுதான். ஒருமுறையாவது ஏறாதவன் ஸ்லோவேனியனே இல்லை என்பார்கள்.

லிகாயா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நல்ல மலைதான் ஐயா. ஆனா சின்னது" என்றாள் ஸ்லோவேனிய மொழியில்.

பொகோமிர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.

"எங்க ஊரு ஆப்போ மலை அதைவிடத் தொண்ணூறு மீட்டர் உசரம்."

"என்னது?" என்றார் பொகோமிர். ஸ்லோவேனிய மொழி!

"தொண்ணூறு மீட்டர். நானே ஏறியிருக்கேன். மத்தியானச் சாப்பாடு கட்டிக்கிட்டுத்தான் போனோம்."

"உசரம் இருந்தா ஆச்சா? பனி இருக்கா உங்க மலையில? பனி!"

"பனி எதுக்கு ஐயா? கந்தகப் புகை வருது. எரிமலை."

"எரிமலையெல்லாம் ஒரு மலையா? அது ஓட்டை! பூமியில விழுந்த ஓட்டை!"

"உங்க மலை உச்சியில தகரக் கூண்டு ஒண்ணு நட்டு வச்சிருக்கீங்களே, அது ஏன்? உசரம் பத்தலையா?"

பொகோமிர் எழுந்துவிட்டார். "அந்தக் கூண்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசாத! எங்க அப்பா அதைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்காரு!"

"அழாம என்ன செய்வாரு? ஏறறதுக்கே இரும்புக் கயிறு கட்டி வச்சிருக்கீங்க. எங்க ஊர்ல கயிறெல்லாம் மாட்டுக்குத்தான்."

"அடைகோழி உன்னை உதைக்க!"

"உங்களையும் சேர்த்து உதைக்கட்டும் ஐயா!"

பன்னிரண்டு நிமிஷத் தேர்வு நாற்பத்தேழு நிமிஷம் நடந்தது. அடுத்த தேர்வர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஓசைப்படாமல் மூடிவிட்டார். மலையில் தொடங்கி, மழை, மண்சரிவு, மலையேறும் சங்கத்தின் ஊழல், தாவாவில் நர்ஸாக இருந்தபோது எரிமலையிலிருந்து தூக்கி வரப்பட்டவனின் ஒடிந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டிய கதை வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்தக் கதையைக் கேட்டுத்தான் பொகோமிர் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கருவியைப் பார்த்தார். "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றார். பிறகு தாளில் முழு மதிப்பெண் போட்டு, குறிப்புப் பகுதியில் 'தகராறில் தாய்மொழியாளருக்கு நிகர்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அக்டோபர் முப்பதாம் தேதி நகராட்சி மண்டபத்தில் பாராட்டு விழா. 'நமது மொழிக் கொள்கையின் மாபெரும் வெற்றி' என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். வந்திருந்த நூற்றிருபது பேரும் உள்ளூர்க்காரர்கள். வெளியூர் ஆள் லிகாயா ஒருத்திதான். மேயர் ஆல்பின் ஸ்லோவேனிய மொழியின் பெருமையை அரை மணி நேரம் இங்கிலீஷில் முழங்கினார். ஹெர்மினா கையேட்டின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். பிறகு லிகாயாவை ஏற்புரைக்கு அழைத்தார்கள். "இங்கிலீஷ் இஸ் ஓகே" என்று ஹெர்மினா காதில் தைரியம் சொன்னார்.

லிகாயா ஸ்லோவேனிய மொழியில் பேசினாள். மெதுவாக, ஒரு பிழையில்லாமல்.

"நாளை மறுநாள் நான் மறுபடியும் நர்ஸ். இதுக்கு உதவினவங்களுக்கு நன்றி சொல்லணும். குப்பைக்காகத் திட்டின சிரில் ஐயா, ஆணிக்காகத் திட்டின மூணு வீடு, வரிசைக்காகத் திட்டின யெல்கா அக்கா, காளானுக்காகப் பத்து நிமிஷம் திட்டின ஹெர்மினா அம்மா. நீங்கதான் என் வாத்தியாருங்க. மத்தபடி ரெண்டு வருஷமா எல்லாரும் என்கிட்ட அன்பாத்தான் இருந்தீங்க. அந்த அன்புல ஒரு வார்த்தை கத்துக்க முடியல. வாசல்ல நாற்காலி போட்டு உட்கார வச்சீங்க, நல்ல நாற்காலிதான், ஆனா கதவைத் திறக்கல. உங்க மொழி அழிஞ்சிடுமோன்னு பயந்து அலுவலகம் வச்சிருக்கீங்க. அதை அழிக்க வெளியிலேர்ந்து யாரும் வரல. வர்றவங்க கேட்டா, நீங்கதான் தரமாட்டேங்கறீங்க."

 சிரில் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டார். ஹெர்மினா கைக்குட்டையைத் தேடினார். மேயர் ஆல்பின் எழுந்தபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. இனிமேல் இந்த ஊரில் எவரும் லிகாயாவிடம் ஸ்லோவேனிய மொழி தவிர வேறு மொழியில் பேசக் கூடாது என்று அந்த இடத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். நூற்றிருபது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள், தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஹெர்மினா அதை எழுதி, முத்திரை குத்தி, லிகாயாவின் கையில் கொடுத்தார். அவள் படித்துப் புரிந்துகொள்வதில் சிரமம் எதுவும் இருக்கக் கூடாதே என்று, இங்கிலீஷில்.